சிரம்பானின் கை

எனக்கு எல்லாவற்றிலும் ஐமிச்சம், அதாவது சந்தேகம். பால்காரர் ஊற்றும் பாலில், கடைக்காரர் அளக்கும் படியில், மழைக்காலத்தில் வானம் வெளுத்திருந்தால் அந்த வெளுப்பில்கூட. என் மனைவி இதைப் பற்றி என்னோடு சண்டை பிடித்து அலுத்துப்போய், கடைசியில் ஊர்ப் பெண்களிடம், "அவர் கோயில் திருநீற்றையும் மணந்து பாத்திட்டுத்தான் பூசுவார்" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். அது முழுப் பொய் இல்லை. ஒரே ஒரு தடவை மணந்து பார்த்திருக்கிறேன்.

அந்தக் குணத்துக்கேற்ற வேலையும் எனக்கு வாய்த்திருந்தது. யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படித்துவிட்டுக் கப்பலேறிய மற்றப் பொடியன்களைப் போல நானும் சிங்கப்பூரில் இறங்கி, தந்திக் கந்தோரில் சேர்ந்தேன். கந்தோர் என்பது எங்கள் பேச்சில் அலுவலகம். என் மேசைக்கு வந்தது வடக்குக் கம்பி. ஜொகூர், சிரம்பான், கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், பினாங்கு என்று ரயில் பாதையோடு கூடவே ஓடும் கம்பி அது. அந்த ஊர்களில் இருப்பவர்கள் விசையைத் தட்டுவார்கள். என் மேசையில் பித்தளைக் கருவி கடகடக்கும். நான் காதால் கேட்டுக் கையால் எழுதுவேன்.

வெளியாருக்கு அது வெறும் கடகடப்பு. எங்களுக்கு அதில் ஆளே தெரியும். ஒவ்வொருவரும் தட்டுவதில் ஒரு தனி வாகு இருக்கும், அதை நாங்கள் 'கை' என்போம். பினாங்குக்காரருடையது அவசரக் கை, அடுத்த சொல் வந்து முந்தின சொல்லின் காலை மிதிக்கும். ஈப்போவில் இருந்த சீனருடையது ஒரே சீர். தைப்பிங்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிந்துகொண்டு தட்டுவார். ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

சிரம்பானின் கை என் தங்கையின் கணவருடையது. அதிகம் பேசாத மனிதர். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், அதில் இரண்டு 'ஓம்' ஆக இருக்கும். அவருடைய கையும் அப்படித்தான், அளந்து விழும். ஒவ்வொரு சொல்லிலும் கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு கணம் நிற்பார், மாடிப்படி இறங்குகிறவர் கடைசிப் படியில் நின்று பார்ப்பதைப் போல. யோசனையில் இருக்கும்போது சாப்பாட்டு மேசையிலும் விரலால் தட்டுவார். தங்கைக்கு அந்தத் தட்டு நன்றாகத் தெரியும். ஒரு பொழுதுபோக்காக அவளுக்கு நாலைந்து எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தும் இருந்தார்.

அவள் தலைப்பிள்ளையைச் சுமந்து ஏழு மாதம் ஆனபோது எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா இறந்து பல வருடம். அண்ணன் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மாட்டுப் பட்டிகளின் வாசம் வீசும் தெருவில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தோம். அவளை ரயிலில் கூட்டிவந்து விட்ட மச்சான், திரும்பும்போது என்னைத் தனியே அழைத்து, "ஒவ்வொரு நாளும் கேப்பன்" என்றார்.

சொன்னபடி கேட்டார். மாலை ஐந்து மணிக்கு, தந்திகள் ஓய்ந்திருக்கும் நேரத்தில், கருவி மூன்றெழுத்து கடகடக்கும். 'சுகமா' என்பதற்கு எங்களுக்குள் வைத்துக்கொண்ட சுருக்கம் அது. நான் இரண்டெழுத்தில் 'சுகம்' என்பேன். சொந்தக் கதை பேசக் கம்பி தரப்பட்டதில்லை, பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ஆனாலும் கந்தோர் பூட்டும் ஞாயிறு தவிர ஒரு நாள் தவறவில்லை. நான் வீட்டுப் படியேறும்போதே தங்கை மேலே நின்று கேட்பாள்.

"இண்டைக்கு அவர் கதைச்சவரோ?"

"ஓம், கேட்டவர்."

அவ்வளவுதான். அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அங்கிருந்து பாத்திரச் சத்தம் கொஞ்சம் உற்சாகமாகக் கேட்கும்.

அந்த வருடம் ஐரோப்பாவில் பெரிய யுத்தம் முடியும் தறுவாயில் இருந்தது. ஆனி, ஆடியில் ஒரு சளிக் காய்ச்சல் ஊரைச் சுற்றிவிட்டுப் போயிருந்தது. சனங்கள் மூன்று நாள் படுத்தார்கள், எழுந்தார்கள், மறந்தார்கள். ஐப்பசியில் அது திரும்பி வந்தது. வந்ததை நான் பத்திரிகையில் படித்து அறியவில்லை, காதால் கேட்டேன்.

ஒரு நாள் காலை பினாங்கின் அவசரக் கையைக் காணோம். அந்த இடத்தில் தடவித் தடவித் தட்டும் ஒரு புதுக் கை. லீவு போலும் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். எனக்கு ஐமிச்சம். அவர் லீவு எடுக்கிற ஆளில்லை, இத்தனை வருடத்தில் ஒரு நாள் எடுத்ததில்லை. இரண்டு நாளில் புதுக் கையும் போய், அதைவிடப் புதிய கை ஒன்று வந்தது. பிறகு தைப்பிங்காரரின் தூங்குமூஞ்சிக் கை நின்றது. அதற்குப் பிறகு ஈப்போ. அந்தச் சீனரின் சீரான கை ஒரு மத்தியானம் ஒரு தந்தியின் நடுவில் தளர்ந்து, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அரைச் சொல்லில் நின்றேபோயிற்று. மிச்சச் சொல்லை வேறு யாரோ வந்து முடித்தார்கள். அந்தக் காய்ச்சல் எனக்குத் தெரிந்த ஆட்களை ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு கம்பி வழியே தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

இதை எங்காவது குறித்து வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் யுத்த காலம். தந்திக் கந்தோர்க் குமாஸ்தா ஒருவனின் பையில் ஊர்ப் பெயர்களும் தேதிகளும் எழுதிய தாள் அகப்பட்டால் யாரும் அதைக் காய்ச்சல் கணக்கு என்று நம்பமாட்டார்கள். ஆகவே வீட்டுப் பஞ்சாங்கத்தில் குறித்தேன். அந்தந்தத் தேதிக்குப் பக்கத்தில், நட்சத்திரத்துக்கும் ராகுகாலத்துக்கும் நடுவில், பென்சிலால் ஒரே எழுத்து. பி. தை. ஈ. அடுத்தது எது என்று எனக்கே தெரியும். கோ வந்ததும் வீட்டில் சட்டம் போடத் தொடங்கினேன்.

வெளியிலிருந்து யாரும் மேலே வரக்கூடாது. காய்கறியைக் கூடையில் போட்டுக் கயிற்றால் இழுக்க வேண்டும். பாலைக் கண்ணெதிரே மூன்று முறை பொங்கவைக்க வேண்டும். காலையும் மாலையும் எல்லோரும் உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளித்து, கொத்தமல்லித் தண்ணீர் குடிக்க வேண்டும். பத்திரிகையில் இது சாதாரணச் சளிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று போட்டிருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது வேலை மெனக்கெட்டு அச்சடித்தால் எனக்குப் பயம் வரும். கந்தோரிலிருந்து வருகிற நானே சந்தேகத்துக்குரிய ஆள் என்பதால் என்னையும் விலக்கி வைத்தேன். கீழே அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னால் ஓடும் மூடிய நடைபாதையில், சட்டையைக் கழற்றி வாளித் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் மேலே ஏறுவேன். தங்கையோடு பேசும்போது அறையின் மறுகோடியில் நிற்பேன்.

"அண்ணை, நான் பிள்ளைத்தாய்ச்சி. பேய் பிடிச்சவளில்லை," என்று அவள் சிரிப்பாள்.

"வயித்துப் பிள்ளைக்காரியளைத்தான் இந்தக் காய்ச்சல் கூடுதலாக் கொண்டுபோகுதாம்," என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன். கந்தோரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கம்பியில் வந்துகொண்டிருந்த சாவுத் தந்திகளும் அதைத்தான் சொல்லின. மனைவி, மகள், மருமகள். பிரசவம் முடியும் வரை இவளைக் காய்ச்சல் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

அந்தச் சமயத்தில் எதிர் வீட்டில் பால்காரரின் தாயார் இறந்தார். கிழவிக்கு எண்பதுக்கு மேல். காய்ச்சல்தான் என்று யாரும் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். எங்கள் ஜன்னலிலிருந்து எதிர் அஞ்சடி நன்றாகத் தெரியும். அவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையோடு தலை முட்டி, ஒருத்தி மூச்சு மற்றவள் முகத்தில் படப் படப் பாட்டுச் சொல்லி அழுதார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தெருக்குழாயில் தலைக்கு முழுகிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். முழுகிவிட்டால் தீட்டுப் போயிற்று, எல்லாம் போயிற்று. நானும் பிறந்ததிலிருந்து அப்படியே நம்பி வந்தவன்தான். எங்கள் ஊரிலும் இதே அழுகை, இதே முழுக்கு.

என் புத்தி போகிற போக்கு, யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கவனித்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள், வட்டத்தில் இருமிக்கொண்டே அழுத பால்காரர் மனைவிக்கு வலப்புறம் இருந்த பெண் படுத்தாள். மறுநாள் இடப்புறம் இருந்தவள். பிறகு அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். தெரு முழுக்க இருமல். பாலையும் காய்கறிக் கூடையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்த நான், அன்றைக்குத்தான் ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டேன். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குப் போகமாட்டாள், அது வழக்கம். ஆனால் சாவு அவள் வீட்டுக்கு வந்தால்? அப்போது தெருவே அவளைத் தேடி வரும். ஒவ்வொருத்தியும் கட்டிப்பிடித்து அழுவாள். அந்த அழுகையை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தமிழனுக்கும் வாய் வராது.

அடுத்த நாள் காலை சிரம்பானில் வேறு கை.

நான் விசையில் கையை வைத்து, விதியை எல்லாம் மறந்து, 'அவர் எங்கே' என்று கேட்டேன். புதுக் கை திக்கித் திக்கி, 'காய்ச்சல், ஆஸ்பத்திரி' என்றது. மாலை ஐந்து மணிக்குக் கருவி சும்மா கிடந்தது. ஐந்தேகால் வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

"இண்டைக்கு அவர் கதைச்சவரோ?"

"ஓம், கேட்டவர்," என்றேன்.

அன்றிரவு பஞ்சாங்கத்தில் சி என்று எழுதினேன். எழுதியிருக்கக்கூடாது. எழுதாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள், முற்பகலில், அதே திக்குவாய்க் கை ஒரு தந்தியைத் தொடங்கியது. முதல் சொல் என் பெயர். பெறுபவர் நான், எழுதியெடுப்பவனும் நான். ஒவ்வோர் எழுத்தாக வந்தது. ஒரு சொல்லில் அந்தக் கை தடுமாறி, அழித்து, அதே சொல்லை இரண்டாம் தரம் அடித்தது. எந்தச் சொல் என்று எழுத வேண்டியதில்லை. நான் அதையும் எழுதி, நேரம் குறித்து, கீழே கையெழுத்துப் போட்டு, தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன். பிறகு அடுத்த தந்தியை எடுத்தேன். அது யாரோ ஒரு வியாபாரிக்கு, ரப்பர் விலை பற்றியது. இன்றைக்கும் அந்த ரப்பர் விலை எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம்.

அழுதேனா என்று கேட்டால், பொதுக் கக்கூசில் நின்று அழுதேன். நல்ல மனிதர். என் தங்கையிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சிரம்பானில் அவரோடு வேலை செய்தவர்களே அவரை எரித்தார்கள். இங்கே அவர் மனைவி பொட்டு வைத்து, கொண்டையில் பூ வைத்துக்கொண்டு, மாலை ஐந்து மணியை எதிர்பார்த்திருந்தாள்.

முடிவு எடுக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. சொன்னால் அழுகை தெருவுக்குக் கேட்கும். கேட்டால் அவர்கள் வருவார்கள், எதிர் வீட்டு வட்டம் அப்படியே எழுந்து எங்கள் படியேறும். பிள்ளை பிறக்க இரண்டு வாரம் இருந்தது. ஆகவே சொல்வதில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை, அவள் முகத்தில் எதுவும் நிற்காது. கந்தோரில் விஷயம் தெரிந்த எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடமும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு அவர்களையும் நம்பவில்லை. கோயில் பக்கத்து மரத்தில் நாலு கொத்து வேப்பிலை ஒடித்துவந்து எங்கள் வாசல் நிலையில் கட்டினேன். வேப்பிலை தொங்கினால் வீட்டுக்குள் நோய் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். வீட்டில் கேட்டதற்கு, தெருக் காய்ச்சல் உள்ளே வராமலிருக்க என்றேன்.

பொய் சொல்வது இவ்வளவு வேலை என்று நான் நினைத்திருக்கவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் போய் நின்றேன். மாலைகளில் 'கேட்டவர்' என்ற ஒரு சொல் போதாது என்று எனக்கே ஒரு பயம் வந்தது. அவள் சந்தேகப்படக்கூடாதே என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். கவனமாக இருக்கச் சொன்னார். நன்றாகச் சாப்பிடச் சொன்னார். ஒருநாள், உன் நினைவாகவே இருக்கிறாராம் என்றேன்.

அவள் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அவரோ? அப்பிடிச் சொன்னவரோ?"

"ஓம்."

"மூண்டு வருசத்திலை என்னட்டை நேர சொல்லாத கதையைக் கம்பியிலை உங்களிட்டைச் சொன்னவரோ?"

எழுந்துபோய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்தாள். பிள்ளைக்கு நல்ல நட்சத்திரம் எது என்று பார்க்கப் பகலில் புரட்டியிருக்கிறாள். ஐப்பசிப் பக்கத்தை விரித்து, பென்சில் எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக விரல் வைத்தாள். அந்த ரயில் பாதையோரம் குடியிருந்தவள், ஊர்களின் வரிசை அவளுக்குத் தெரியும். பி, தை, ஈ, கோ. சி என்ற எழுத்தின் மேல் விரல் நின்றது.

"இது என்ன அண்ணை?"

நான் என் வாழ்க்கையில் சொன்ன மிகத் திறமையான பொய்யை அப்போது சொன்னேன். பாதி உண்மையைக் கலந்தேன். அந்த எழுத்துகள் காய்ச்சல் வந்த ஊர்கள் என்றேன். சிரம்பானிலும் வந்தது, ஆனால் படுத்தது பக்கத்து மேசைக்காரர், மச்சான் சுகமாக இருக்கிறார், இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறார் என்றேன். "அந்த இனிப்புக் கதையெல்லாம் நான் சேத்தது. நீ பயப்பிடக் கூடாதெண்டு சொன்னனான். அவர் வழக்கமான மூண்டெழுத்துத்தான் கேட்டவர்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அப்பா. அந்தப் பார்வையை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"அப்ப, அவர் தட்டினமாதிரி இந்த மேசையிலை ஒருக்காத் தட்டிக் காட்டுங்கோ," என்றாள்.

தந்திக்காரர்களுக்கு மற்றவர் கையைப் போலத் தட்ட வரும். வேலையில்லாத நேரத்தில் ஒருவரையொருவர் கேலி செய்ய அப்படித் தட்டிக் காட்டுவோம். அவள் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு குனிந்து, கன்னத்தை மேசைப் பலகையில் வைத்தாள். நான் ஆள்காட்டி விரலால் அந்த மூன்றெழுத்தைத் தட்டினேன். அளந்து தட்டினேன். கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. மேசையில் கன்னத்தை வைத்தபடியே வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஓம். அது அவர்தான். அந்தக் கடைசியிலை நிக்கிறது அவர்தான்," என்றாள்.

என் விரலை வெட்டிப் போடலாம் போல் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் தட்டச் சொன்னாள். ஒவ்வொரு மாலையும் தட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், வலி வந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த மருத்துவிச்சியிடம் ஓடினேன். அந்த அம்மாள் தமிழ்நாட்டுப் பக்கம். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"என்னய்யா, வாசல்ல வேப்பிலையக் கட்டிட்டு என்னையக் கூப்பிடுறீங்க? உங்க வீட்ல காச்சல்னு தெருவே சொல்லுது. நான் இன்னும் நாலு பொண்ணுங்களப் பாக்கணும். வரமாட்டேன், போங்க."

"எங்கடை வீட்டிலை காய்ச்சல் இல்லை," என்றேன்.

"பின்ன வேப்பிலை எதுக்கு?"

எனக்கு வேறு வழி இல்லை. நான் வீட்டில் யாருக்கும் சொல்லாததை, முழுப் பெயரும் தெரியாத அந்த அம்மாளிடம், அஞ்சடியில் நின்று, ஆட்கள் போய்வரும் இடத்தில் சொன்னேன். என் தங்கையின் புருஷன் செத்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது, அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் பெண்கள் வருவார்கள், வந்தால் காய்ச்சல் வரும், அதற்காகத்தான் இலை என்றேன். கோட்டுப் பையிலிருந்த தந்தியை எடுத்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இத்தன நாளா அந்தப் பொண்ணுகூட உக்காந்து சோறு தின்னீங்களாக்கும்?" என்றார். முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

மாலைக்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மருத்துவிச்சி தங்கையின் முகத்தைத் துடைத்து, தலை வாரி, நெற்றியில் பொட்டு வைத்தார். வைப்பதற்கு முன் அறை வாசலில் நின்ற என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். தங்கை என்னைத் தேடினாள்.

"அண்ணை, அவருக்குத் தட்டிப்போட்டியளோ? பொம்பிளைப் பிள்ளையெண்டு சொன்னியளோ?"

"ஞாயிறு, பிள்ளை. கந்தோர் பூட்டு. நாளைக்குத் தட்டுறன்," என்றேன்.

தெருவில் இருமல் அடங்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. வடக்கே பழைய கைகள் ஒன்றிரண்டு திரும்பி வந்தன. தைப்பிங்காரர் வந்தார், முன்னைவிட மெதுவாகத் தட்டினார். ஈப்போச் சீனர் வரவே இல்லை. ஒருநாள் காலை காய்ந்துபோன வேப்பிலையை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு மேலே வந்து, மனைவியை அழைத்துக் குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பிறகு தந்தியைத் தங்கை கையில் கொடுத்தேன். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்.

என் மனைவி அலறினாள். தங்கை அலறவில்லை. தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு, எழுந்துபோய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்தாள்.

"எந்த நாள்?"

காட்டினேன்.

"நான் மேசையிலை காது வைச்சது எந்த நாள்?"

அதையும் காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த தேதிகளை விரலால் எண்ணினாள். ஆறு. மறுபடியும் எண்ணினாள். நான் காட்டிய நாட்களை அவள் நம்பவில்லை என்பது எனக்கு விளங்கியது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அப்ப, அண்டைக்கு நான் சிரிச்சது ஆருக்கு, அண்ணை?"

நான் அவளுடைய உயிரைப் பற்றிப் பேசினேன். குழந்தையைப் பற்றிப் பேசினேன். எதிர் வீட்டு வட்டத்தில் எந்த வரிசையில் யார் படுத்தார்கள் என்று விவரமாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தானே பொட்டை அழித்தாள். மாலையில் தெருப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்களோடு சேர்ந்து அழுதாள். என் எதிரில் அழவில்லை.

இதெல்லாம் நடந்து வெகுகாலம். நான் செய்ததால்தான் அவள் பிழைத்தாளா, செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவனுக்கு அதிலும் ஐமிச்சம்தான். அவள் எங்களோடுதான் இருக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தங்கை எனக்குச் சோறு போடுகிறாள், காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்கிறாள், ஒரு குறையும் சொல்லமுடியாது. ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நான், "மழை வருது பிள்ளை, உடுப்பை எடு" என்று சொன்னால், அவள் நேரே கொடிக்குப் போவதில்லை. முதலில் ஜன்னலுக்கு வருகிறாள். கையை வெளியே நீட்டுகிறாள். உள்ளங்கையில் நாலு துளி விழும் வரை நிற்கிறாள். விழுந்த பிறகுதான் உடுப்பை எடுக்கப் போகிறாள்.